காகிதத் துண்டும் கணனித் திரையும்: விமானக் கட்டுப்பாட்டறையில் மனித-எந்திர இடைமுகம்

மனிதருக்கும் எந்திரத்துக்கும் இடையிலான 'இடைமுகம்' எனப் பொறியியலாளர் பேசும்போது அவர்கள் பெரும்பாலும் கருதுவது திரையையும் விசைகளையுமே ஆகும். எழுத்தின் அளவு, நிறம், எச்சரிக்கை ஒலி முதலியனவே அவர்தம் பிரச்சினைகளாக அமைகின்றன. இவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆயின், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டறையின் வரலாற்றை நோக்குமிடத்து, இடைமுகம் என்பது வெறும் கருவியன்று, உழைப்பின் ஓர் ஒழுங்கமைப்பே என்பது புலனாகும். அதனை வடிவமைப்போர் யாருடைய அறிவை அறிவாக ஏற்கின்றனர் என்பதே இங்கு முதன்மையான வினா எனக் கருதுகின்றோம்.

இத்துறையின் தொடக்க நூல்களுள் ஒன்று, உளவியலாளர் போல் பிட்ஸ் பதிப்பித்து 1951இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த அறிக்கையாகும். மனிதர் எவற்றிற் சிறந்தவர், எந்திரம் எவற்றிற் சிறந்தது என அது பட்டியலிட்டது. பின்வந்த வடிவமைப்பாளர் பலர் அப்பட்டியலைப் பாகப்பிரிவினைப் பத்திரம்போற் கையாண்டனர்: எந்திரத்தால் இயன்றதெல்லாம் எந்திரத்துக்கு, எஞ்சியது மனிதருக்கு என்பதாயிற்று. ஒரு மனிதர், ஓர் எந்திரம் என்ற இருவர் மட்டுமே இக்கணக்கில் இடம்பெறுகின்றனர். கட்டுப்பாட்டறையிலோ எவரும் தனித்து வேலை செய்வதில்லை.

இதனைத் தெளிவுபடுத்தப் 'பறப்புத் துண்டு' எனப்படும் காகிதத்தைச் சற்று விரிவாக நோக்குவோம். ஏறத்தாழ ஒரு சாண் நீளமும் இரு விரல் அகலமும் கொண்ட இத்துண்டில் விமானத்தின் அழைப்புப் பெயர், வகை, வேகம், உயரம், வழி, குறித்த இடங்களை அது கடக்கும் நேரம் ஆகியன அச்சிடப்பட்டிருக்கும். அதனை ஒரு சட்டத்திற் செருகி, மேசைமேற் சாய்வாக அமைந்த பலகையில் வரிசைப்படுத்துவர். விமானியை உயரம் மாற்றுமாறு பணித்தவுடன் கட்டுப்பாட்டாளர் பழைய எண்ணை வெட்டிப் புதிய எண்ணைப் பேனாவால் எழுதுவார். இரண்டு விமானங்கள் நெருங்கக்கூடும் என ஐயுறின், அவற்றின் துண்டுகளை வரிசையினின்று சற்று வெளியே இழுத்துவிடுவார். அருகிலிருக்கும் துணைவர் கேட்கவேண்டியதில்லை, கண்டாலே போதும்.

வடிவமைப்பாளர் பலரின் கண்ணுக்கு இது காலங்கடந்த பதிவேடாகவே தோன்றியது. கணனி தானாகவே வரிசைப்படுத்தக்கூடிய தகவலை மனிதர் கையால் அடுக்குவது வீண் உழைப்பன்றோ என அவர்கள் வினவினர். இலண்டனை அண்மிய வெஸ்ட் டிரேய்ட்டன் நிலையத்தில் இலங்காஸ்டர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் மேற்கொண்டு 1992இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான விடையைத் தந்தது. கையால் அடுக்கும் செயலே கட்டுப்பாட்டாளரின் கவனத்தை ஒவ்வொரு விமானத்தின்மீதும் ஒருமுறை நிறுத்துகின்றது. புதிய துண்டுக்கு இடம் தேடும்போதே, அது எந்த விமானத்தோடு முரண்படும் என்பதை அவர் உணர்ந்துவிடுகிறார். எனவே, அவ்வுழைப்பை நீக்கின் அவ்வுணர்வும் நீங்கும் அபாயம் உண்டு.

பாரிசுக்கு அண்மையிலுள்ள அத்திஸ்-மோன்ஸ் நிலையத்தில் ஒரு குழுவினருடன் பல மாதங்கள் இருந்து அவதானித்த வெண்டி மக்கே என்னும் ஆய்வாளரும் இத்தகைய முடிவுக்கே வந்தார். துண்டைக் கையிலெடுத்து அடுத்தவரிடம் நீட்டுவதும், இருவர் ஒரே பலகையில் ஒரே வேளையில் எழுதுவதும், வேலைமாற்றத்தின்போது புதியவர் பலகையைப் பார்த்தே நிலைமையை விளங்கிக்கொள்வதும் எந்தக் கைந்நூலிலும் முழுமையாக எழுதப்படாத கூட்டறிவாகும். இவ்வறிவு உழைப்போரிடம் உண்டு. ஆனால் ஒப்பந்த ஆவணங்களில் அதற்கென ஒரு நிரல் இல்லை.

ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் இதன் அரசியற் பக்கத்தைக் காட்டுகின்றது. 1981 ஓகஸ்டில் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஜனாதிபதி றேகன் பதினோராயிரத்துக்கு மேற்பட்டோரைப் பணிநீக்கினார். அடுத்த ஆண்டே விரிவான தன்னியக்கத் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. அதன் மையமான முறைமைக்கு 1988இல் ஐ.பி.எம். நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. காகிதத் துண்டுக்குப் பதிலான மின்னணுத் துண்டும் அதில் அடங்கும். தேவைகள் மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டன, செலவு பெருகியது, 1994இல் திட்டத்தின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. தோல்விக்குக் காரணங்கள் பல. எனினும், அனுபவம் மிக்க ஒரு தலைமுறையை வெளியேற்றிவிட்டு அவ்வேலைக்கு எந்திரம் வடிவமைக்க முற்பட்டதிலுள்ள முரண்பாடு கவனிக்கத்தக்கது.

நாம் காகிதத்துக்காக வாதாடவில்லை. இன்று பல நிலையங்களில் மின்னணுத் துண்டுகள் செவ்வனே பயன்படுகின்றன. கனடாவிற் கட்டுப்பாட்டாளரின் பங்கேற்போடு உருவான முறைமையில், பலகையின் ஒழுங்கும் கையால் நகர்த்தும் வழக்கமும் பேணப்பட்டன. நுண்ணிய கூறுகளும் அற்பமானவை அல்ல. திட்டமிட்டதற்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் பிந்தி 2002 ஜனவரியில் திறக்கப்பட்ட இங்கிலாந்தின் சுவான்விக் நிலையத்தில், திரையின் எழுத்துக்களை வாசிப்பது கடினமெனக் கட்டுப்பாட்டாளர் முறையிட்டனர். கிளாஸ்கோவின் குறியீடு 'ஈ.ஜி.பி.எவ்.', கார்டிஃப் நகரினது 'ஈ.ஜி.எவ்.எவ்.' ஆங்கில எழுத்தில் 'பி'க்கும் 'எவ்'வுக்கும் ஒரு சிறு வளைவே வேறுபாடு.

இடைமுகத்தைத் திரையோடு நிறுத்திக்கொள்வதன் விலை யாது என்பதை அதே ஆண்டு யூலை முதலாந் திகதி இரவு நிகழ்ந்த யூபர்லிங்கன் விபத்து உணர்த்துகின்றது. தென்ஜேர்மனியின் வானில், சூரிச் நிலையத்தின் கட்டுப்பாட்டில் இருந்த துப்பொலேவ் பயணிகள் விமானமும் போயிங் சரக்கு விமானமும் மோதின. 71 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பள்ளிச் சிறார். அன்றிரவு ஒருவரே இரண்டு மேசைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். மற்றவர் ஓய்வுக்குச் சென்றிருந்தார். இவ்வழக்கத்தை முகாமைத்துவம் பல ஆண்டுகளாக அனுமதித்து வந்தது. பராமரிப்பு வேலைகள் நடைபெற்றமையால் மோதலைத் திரையில் முன்கூட்டிக் காட்டும் எச்சரிக்கை செயற்படவில்லை. பிரதான தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்தது. மாற்றுத் தொடர்பும் பழுதுற்றிருந்தது. அண்டை நிலையமான கார்ல்ஸ்ரூவில் இருந்தோர் அபாயத்தைக் கண்டு அழைத்தும் சூரிச்சைத் தொடர்புகொள்ள இயலவில்லை. வேலைகளின் விளைவாக எவை செயலிழக்கும் என்னும் விபரம் கட்டுப்பாட்டாளருக்குத் தரப்பட்ட எழுத்துமூல அறிவுறுத்தலில் இருக்கவில்லை.

தாமதமாகி வந்த வேறொரு விமானத்தை மற்ற மேசையில் இருந்து வழிநடத்திக்கொண்டிருந்த அவர், மோதலுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கையிலேயே துப்பொலேவைக் கீழிறங்கப் பணித்தார். விமானத்திலிருந்த மோதல் தவிர்ப்புக் கருவியோ அதனை மேலேறுமாறும், போயிங்கைக் கீழிறங்குமாறும் பணித்தது. துப்பொலேவ் விமானிகள் கட்டுப்பாட்டாளரின் சொல்லையும், போயிங் விமானிகள் கருவியின் சொல்லையும் பின்பற்றினர். கருவி இட்ட கட்டளை கட்டுப்பாட்டாளரின் திரையில் தோன்றவில்லை. அதனைக் காட்டும் வசதி அங்கு அமைக்கப்பட்டிருக்கவில்லை.

'மனிதத் தவறு' என்ற சொற்றொடரால் இந்நிகழ்வை மூடிவிடுவது எளிது. தன் மனைவியையும் பிள்ளைகளையும் இழந்த ஒருவர் 2004 பெப்ரவரியில் அக்கட்டுப்பாட்டாளரை அவரது வீட்டு வாயிலிலேயே கொன்றார். 2007 செப்டெம்பரில் சுவிஸ் நீதிமன்றம் ஒன்று, சூரிச் நிலையத்தை நடத்திய ஸ்கைகைட் நிறுவனத்தின் ஊழியர் நால்வரைக் கவனயீனத்தால் மரணம் விளைவித்த குற்றவாளிகளாகக் கண்டது. மூவர் முகாமையாளர், அவர்களுக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நான்காமவருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது.