வழுவும் வழுவமைதியும்: எண்ணெய்த் துளிப் பரிசோதனை தரும் பாடம்

பௌதிகவியலைச் சிறப்புப் பாடமாகப் பயில்வோர் ஆய்வுகூடத்தில் எதிர்கொள்ளும் பெரிய இடர்ப்பாடு, கருவிகளைக் கையாள்வதன்று. பெறவேண்டிய விடையை முன்னரே அறிந்திருப்பதாகும். நூலிலுள்ள பெறுமானத்தை அண்மித்ததும் அளவீட்டை நிறுத்திவிடவும், விலகி நிற்பவற்றை 'வழு' எனக் கூறி நீக்கிவிடவும் மனம் தூண்டும். அறிக்கையில் எதனை எழுதுவது, எதனை விடுவது என்பது வெறும் எழுத்துநடை பற்றிய வினாவன்று; அது பரிசோதனையின் ஒரு கூறேயாகும். எண்ணெய்த் துளிப் பரிசோதனையின் வரலாற்றைக்கொண்டு இதனை நோக்குவோம்.

அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் றொபேட் மில்லிக்கன் இலத்திரனின் ஏற்றத்தை அளக்க முற்பட்டார். இரு உலோகத் தட்டுகளுக்கிடையே நுண்ணிய எண்ணெய்த் துளியொன்று வீழும்போது, வளியின் தடையால் அது விரைவில் மாறா வேகத்தை எய்துகின்றது. அவ்வேகத்திலிருந்து துளியின் ஆரை பெறப்படும். பின்னர் மின்புலத்தைப் பிரயோகித்து, துளி மேலெழும் வேகத்தை அளந்தால் அதன் ஏற்றத்தைக் கணிக்கலாம். இவ்வாறு பெற்ற ஏற்றங்கள் யாவும் ஒரே சிறு அளவின் முழுவெண் மடங்குகளாய் அமைந்தன. மின்னேற்றம் மணிமணியாக உள்ளது என்பதற்கு இதுவே வலுவான சான்றாயிற்று. 1923இல் மில்லிக்கன் நோபல் பரிசு பெற்றார்.

1913இல் வெளியிட்ட கட்டுரையில் 58 துளிகளின் அளவீடுகளைத் தந்த அவர், அவை தெரிந்தெடுக்கப்பட்டவை அல்ல, தொடர்ந்து 60 நாட்களில் ஆராய்ந்த துளிகள் அனைத்தும் அவையே என உறுதி கூறினார். ஆனால் அவரது குறிப்பேடுகளை ஆராய்ந்த ஜெரால்ட் ஹோல்ற்றன், வெளியிடப்படாத துளிகள் பல அங்கிருந்தமையை 1978இல் எடுத்துக்காட்டினார். விடப்பட்டவற்றையும் சேர்த்துக் கணித்தால் இறுதிப் பெறுமானம் ஏறக்குறைய மாறாது எனவும், அதன் நிச்சயமின்மையே சற்றுக் கூடும் எனவும் 1981இல் அலன் பிராங்க்ளின் காட்டினார். எனவே பழுதுற்றது முடிவன்று. முடிவு பற்றிய கூற்றேயாகும். சில துளிகளை விட்டமைக்குத் தக்க காரணங்கள் இருந்திருக்கலாம். அவற்றைக் கட்டுரையிலேயே கூறியிருந்தால் ஐயத்துக்கு இடமிருந்திராது.

உண்மையான வழுவோ வேறிடத்தில் இருந்தது. மில்லிக்கன் பெற்ற பெறுமானம் 1.592 × 10⁻¹⁹ கூலோம். அவர் குறித்த நிச்சயமின்மை ஏறத்தாழ 0.2 சதவீதம். இன்றைய பெறுமானம் 1.602 × 10⁻¹⁹ கூலோம். வேறுபாடு ஏறத்தாழ 0.6 சதவீதம். அவர் பயன்படுத்திய வளியின் பாகுநிலைப் பெறுமானம் சற்றுக் குறைவாயிருந்தமையே இதன் முதன்மைக் காரணமாகும். பாகுநிலை இக்கணிப்பில் 3/2 அடுக்காக இடம்பெறுவதால், அதிலுள்ள 0.4 சதவீதக் குறை ஏற்றத்தில் 0.6 சதவீதக் குறையாகின்றது. எத்தனை துளிகளை நீக்கினாலும் இவ்வழு நீங்காது. ஏனெனில் அது எல்லாத் துளிகளிலும் ஒருங்கே உறைந்திருந்தது. எக்ஸ் கதிர்களைக்கொண்ட வேறொரு முறை முரணான பெறுமானத்தைத் தந்தபோதே 1930களில் அது புலப்பட்டது. மில்லிக்கன் தமது கணிப்பு முறையையும் பயன்படுத்திய பெறுமானங்களையும் விரிவாக எழுதிவைத்திருந்தமையாலேயே பிறரால் அதனைத் திருத்தவும் முடிந்தது.

அறிவியலைத் தமிழில் எடுத்துரைக்கும் நாம் இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 'வழு' என்றதும் பொதுவாசகர் அதனைப் பிழையெனவே கொள்வர். பௌதிகவியலில் அது அளவீட்டின் எல்லையையும் குறிக்கும். நமது இலக்கண மரபு வழு, வழாநிலை என்பவற்றோடு வழுவமைதியையும் வகுத்துள்ளது. வழுவாயினும் தக்க காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்படுவது அது. அங்கும் காரணம் கூறப்படாத வழு வழுவாகவே நிற்கும்.

ஆகவே, நூலிலுள்ள எண்ணோடு ஒத்துப்போகும் அறிக்கையைக் காட்டிலும், விலகலை மறையாது அதன் காரணத்தை ஆராயும் அறிக்கையே மேலானது. மாணவர் அதனை எழுதப் பழகுதல் வேண்டும். புள்ளி வழங்குவோரும் அதனை மதித்தல் வேண்டும்.