'பிஎஃப்ஏ' போட்டா போதுமா?



இந்த வார எபிசோடில் ஆபீஸ் மெயில் பற்றிப் பேசினோம். அதில் சொல்லாமல் விட்ட என் சொந்தக் கதை இது.

டொரண்டோ வந்த முதல் வருஷம். வியாழக்கிழமை ராத்திரி ரிலீஸ். டேட்டாபேஸ் டீம் சீனியர் ஒருத்தருக்கு இரண்டு எஸ்க்யூஎல் ஃபைலை இணைத்து, "பிஎஃப்ஏ. கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" என்று அனுப்பிட்டுத் தூங்கிட்டேன். ஒரு ஃபைல் டேபிளை மாற்ற. இன்னொன்று, சொதப்பினால் பழையபடி திருப்ப. காலையில் அவரிடமிருந்து இரண்டே கேள்வி: பிஎஃப்ஏ என்றால் என்ன? எதை ஓட்டணும்? பதில் வராததால் அவர் எதையும் தொடவில்லை. ரிலீஸ் ஒரு வாரம் தள்ளிப்போச்சு. மேனேஜர் முன்னாடி நான்தான் தலையைக் குனிந்து நின்றேன்.

"ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்" தப்பான ஆங்கிலம் இல்லை. தபால் காலத்து "என்க்ளோஸ்ட் ப்ளீஸ் ஃபைண்ட்" என்பதன் வாரிசு அது. அந்தப் பழைய தொடரை அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் கிராண்ட் வைட் 1880இலேயே கேலி செய்திருக்கிறார். ஆனால் அதைச் சுருக்கி பிஎஃப்ஏ ஆக்கினால், நம்ம ஊர் ஆபீஸைத் தாண்டிப் பலருக்குப் புரியாது.

"அட்டாச்ட் ஹியர்வித்" நம் "இத்துடன் இணைத்துள்ளேன்" மாதிரியே இருப்பதால் சுலபமா வந்துடுது. "தி பிலோ லிஸ்ட்" கதையும் அதேதான். தமிழில் "கீழே உள்ள பட்டியல்". அடைமொழி முன்னால் வரும். ஆங்கிலத்தில் "தி அபவ் லிஸ்ட்" செல்லும், ஆனா "பிலோ" பின்னால் வருவதுதான் இயல்பு: "தி லிஸ்ட் பிலோ". முன்னால்தான் வேணும்னா "தி ஃபாலோயிங் லிஸ்ட்".

இப்போ நான் எழுதுவது "ஐவ் அட்டாச்ட் டூ ஃபைல்ஸ்". அதன் கீழே ஃபைலுக்கு ஒரு வரி: பெயர், எதுக்கு, எப்போ ஓட்டணும். ஒரே ஃபைல்னா "ஹியர்ஸ் தி ரிப்போர்ட்" போதும். கொஞ்சம் மரியாதையா எழுதணும்னா "அட்டாச்ட் இஸ் தி கான்ட்ராக்ட்". பல ஃபைல் இருந்தால் "இஸ்" இல்லை, "ஆர்".

தொடர் எதுவானாலும் சரி, மெயிலைத் திறப்பவர் அடுத்து என்ன செய்யணும் என்பது அதில் இருக்கணும். அன்னிக்கு அந்த ஒரு வரியை எழுத எனக்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

உங்க பிஎஃப்ஏ கதை இருந்தா இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!