கண்ணெதிரே மறைந்திருந்த பறவை



கோலா பிலா வட்டாரத்துத் தோட்டப் பள்ளியொன்றில் பணியாற்றும் நாம், இன்றைய பேச்சை நம் வகுப்பறையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியோடு தொடங்க விரும்புகிறோம்.

ஒரு நாள் காலை நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "சார், பால்மரத்து நிரையிலே ஒரு காய்ந்த இலை கண்ணைத் திறந்து பார்த்தது. அப்புறம் பறந்து போச்சு!" என்றான். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. வெட்கத்தோடு சொல்கிறோம், நாமும் சேர்ந்து சிரித்தோம். "கதை விடாமல் உட்கார்" என்றும் சொன்னோம். பையன் முகம் சுண்டிப்போய்விட்டது.

மாலையில் அவனுடைய பாட்டி நம்மைத் தேடி வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். "பையன் பொய் சொல்லலீங்க சார். அது தட்டான் குருவி. ராத்திரியிலே டொக், டொக்குன்னு தட்டுமே, அதுதான். பகல்லே சருகு மேலே படுத்துக் கிடக்கும், மிதிக்கப் போனால்தான் எழும்பும்" என்றார். மறுநாள் காலை பாட்டி முன்னே நடக்க, நாமும் பையனும் பின்னே போனோம். ஓரிடத்தில் நின்று, "அதோ பாருங்க" என்று கை காட்டினார். பார்த்தோம். சருகுதான் தெரிந்தது. மீண்டும் பார்த்தோம். பத்தடி தூரத்தில் இருந்த பறவை நம் கண்ணுக்கு அகப்பட வெகுநேரம் பிடித்தது.

அந்தப் பறவைக்குத் தமிழில் பக்கி என்று பெயர். மலாய்க்காரர்கள் 'புரோங் துக்காங்' என்பார்கள். துக்காங் என்றால் கைவினைஞர். நம் பாட்டி பொற்கொல்லரின் சுத்தியல் ஓசையை நினைத்துத் 'தட்டான்' என்று பெயரிட்டார். மலாய்க்காரர்களும் அதே குரலைக் கேட்டு ஏறக்குறைய அதே பெயரை வைத்தார்கள். பக்கி அரிய பறவை அன்று. நம் லயங்களைச் சுற்றியும் இருப்பதுதான். அப்படியிருந்தும் நம்மில் எத்தனை பேர் அதைப் பகலில் கண்டிருக்கிறோம்?

அது எப்படி மறைகிறது என்பதைச் சற்று விளக்குவோம். முதலாவது, நிறம். சருகின் பழுப்பும் சாம்பலும் கருமையும் அதன் இறகில் கலந்திருக்கின்றன. இரண்டாவது, கோடுகளும் புள்ளிகளும். ஒரு பொருளை அதன் விளிம்பைக் கொண்டுதான் நம் கண் அடையாளம் காண்கிறது. உடம்பின் குறுக்கே கோடுகள் ஓடினால் விளிம்பு துண்டு துண்டாகிவிடும். கண்ணுக்குப் பறவை தெரியாது, துண்டுகள்தாம் தெரியும். மூன்றாவது, நிழல். நிற்கும் உயிரை நிழல் காட்டிக்கொடுக்கும். தரையோடு தரையாகப் படிந்தால் நிழல் விழாது. நான்காவது, அசையாமை. பகலில் பக்கி தன் பெரிய கண்களைக்கூடக் கீற்றாக மூடிக்கொள்ளும். நம் மாணவன் கண்டது அந்தக் கண் திறந்த நொடியைத்தான்!

நேயர்களே, நம் தோட்டத்துப் பக்கி ஒருவருக்கு ஒரு நாள் மறைந்திருந்தது. இந்தியாவில் ஒரு பறவை, கற்றறிந்தவர்களின் கண்ணுக்கு 86 ஆண்டுகள் மறைந்திருந்தது. இனி அந்த வரலாற்றைக் கேளுங்கள்.

திருப்பதிக்கு வடமேற்கே, ஆந்திர மாநிலத்தில் கடப்பை மாவட்டம் இருக்கிறது. வறண்ட பூமி, முட்புதர்க் காடு. 170 ஆண்டுகளுக்கும் முன்னர் மதராஸ் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டான் என்ற ஆங்கிலேயர், அந்தப் பகுதியிலிருந்து ஒரு புதிய பறவையைக் கண்டெடுத்தார். 1848 இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. கௌதாரி அளவுள்ள, நீண்ட கால்கொண்ட, தரையில் ஓடித் திரியும் பறவை. முதுகு மண் நிறம். கண்ணுக்கு மேலே வெளிர்ப் பட்டை. மார்பின் குறுக்கே இரண்டு பழுப்புப் பட்டைகள். ஜெர்டானின் பெயரே அதற்கும் வழங்கலாயிற்று.

1900 ஆம் ஆண்டுக்குப் பிறகு அதைக் கண்டதாக எவரும் எழுதி வைக்கவில்லை. பறவை அறிஞர்கள் பலமுறை தேடிப் பார்த்தார்கள், அகப்படவில்லை. பூண்டற்றுப் போய்விட்டது என்றே பலர் முடிவு கட்டினார்கள்.

1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் மறுபடியும் தேட முனைந்தது. அதன் ஆய்வாளர் பரத் பூஷண் கடப்பைக்குப் போனார். அவர் காட்டை மட்டும் பார்க்கவில்லை, காட்டோடு வாழும் மக்களிடம் பறவையின் படத்தைக் காட்டி, "இதைக் கண்டிருக்கிறீர்களா?" என்று விசாரித்தார். மக்களோ அதைக் 'கலிவிக்கோடி' என்றார்கள். நம் தோட்டங்களில் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். கோடி என்றால் கோழி; கலிவி என்பது களாச்செடி. களாப்புதரடியில் திரியும் கோழி! உலகம் இறந்துபோனதென்று எழுதிவிட்ட பறவைக்கு, அந்த ஊரில் வழக்கில் உள்ள பெயரே இருந்தது.

1986 ஜனவரி மாதம், ஐத்தன்னா என்ற உள்ளூர் வேட்டைக்காரர் இரவில் டார்ச் விளக்கோடு போனபோது, வெளிச்சத்தில் திகைத்து நின்ற ஒரு பறவையைக் கையால் பிடித்துவிட்டார். அதுதான் கலிவிக்கோடி. 86 ஆண்டுப் புதிர் அவர் கையில் உயிரோடு இருந்தது. சில நாள்களில் அந்தப் பறவை இறந்துவிட்டது என்பது வருத்தத்திற்குரியது. ஆனால் இனம் அழியவில்லை என்பது உறுதியாயிற்று.

ஏன் அதுவரை அகப்படவில்லை? அது இரவில் நடமாடும் பறவை. பகலில் புதரடியில் அசையாமல் இருக்கும். பகலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இரவிலே காட்டுக்குப் போய்ப் பிழைக்கும் வேட்டைக்காரருக்கு இருந்த அறிவு, புத்தகத்தில் ஏறவில்லை. கேட்க வேண்டியவர்களிடம் கேட்டபோதுதான் அது வெளியே வந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்கவயலில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் பாடுபட்டார்கள். 1917 இல் அந்தப் பகுதியில் ஒருவர் எடுத்துவைத்த முட்டை ஒன்று, ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழக அரும்பொருளகத்தில் நெடுங்காலம் கிடந்தது. 2013 இல் ஆராய்ந்து பார்த்தபோது அது கலிவிக்கோடியின் முட்டை என்று தெரிய வந்தது. ஆக, இல்லை என்று எண்ணிய காலத்திலும் அது வாழ்ந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு அதை முறையாக ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர் தமிழரான ப. ஜெகநாதன். கண்ணுக்கு அகப்படாத பறவையை எப்படி எண்ணுவது? புதர்களுக்கிடையே நுண்ணிய மண்ணைப் பட்டைப் பட்டையாகப் பரப்பி வைத்தார்கள். கலிவிக்கோடிக்குப் பின்விரல் கிடையாது, மூன்று முன்விரல்கள்தாம். காலையில் போய் மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தார்கள். மற்றப் பறவையின் தடத்தோடு குழம்பாமல் இருக்க, அருகே தானே படம் எடுக்கும் கேமராக்களையும் பொருத்தினார்கள். இருட்டிய பின் சிறிது நேரமே ஒலிக்கும் அதன் குரலையும் பதிவு செய்தார்கள். மறைந்திருப்பதை விரட்டிப் பிடிக்காமல், அது விட்டுச் செல்லும் அடையாளத்தைப் பொறுமையாகப் படித்தார்கள்.

அந்த அறிவு உடனே தேவையும் பட்டது. பறவை வாழும் புதர்க்காட்டைப் பாதுகாக்க 1988 இல் இலங்கமல்லேசுவரர் சரணாலயம் அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் 2005 இல் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் வேலை அப்பகுதிப் புதர்க்காட்டிற்குள் நுழைந்தது. கிருஷ்ணா நதி நீரைச் சென்னை வரை கொண்டுவரும் பெரிய திட்டம் அது. தண்ணீரும் மக்களுக்கு வேண்டியதே. பறவை எங்கே வாழ்கிறது என்று கையில் சான்று இருந்ததால், ஆய்வாளர்கள் எடுத்துச் சொல்ல முடிந்தது. கால்வாயின் பாதையும் மாற்றப்பட்டது. சான்று இல்லாதிருந்தால், 'அங்கே வெறும் முட்புதர்தானே' என்று மண்வாரி இயந்திரம் போயிருக்கும்.

அதன் பிறகு பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கலிவிக்கோடியைப் பற்றி உறுதியான செய்தி இல்லை. மறுபடியும் போய்விட்டதோ என்று கவலைப்பட்டார்கள். 2025 ஆகஸ்டு மாதத்தில் பறவை நோக்கர்கள் சிலர் ஆந்திராவில் இரவில் அதன் குரலைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். இப்போதும் அது மிக அருகிய இனந்தான், ஆனால் இருக்கிறது.

நேயர்களே, இந்த வரலாற்றைக் கேட்கும்போது நமக்கு நம் வகுப்பறைச் சிரிப்பு நினைவுக்கு வருகிறது. "இலை கண்ணைத் திறந்தது" என்று பையன் சொன்னது சரியான அவதானிப்பு. சிரித்த நாம்தான் பாடம் படிக்க வேண்டியவர்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், தலைவிளக்கோடு நிரை நிரையாக நடந்த நம் பெரியவர்கள், எத்தனை உயிர்களைக் கண்டிருப்பார்கள்! எந்தக் குரல் எந்த மாதத்தில் கேட்கும், எது எங்கே முட்டையிடும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்படுகின்றன, பால்மரம் போய்ச் செம்பனை வருகிறது, வீடமைப்புத் திட்டங்கள் வருகின்றன, குடும்பங்கள் பட்டணம் போகின்றன. அந்தப் பெரியவர்களோடு அந்த அறிவும் போய்விட்டால், அதை எந்த அரும்பொருளகத்தில் தேடுவது?

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். தாத்தா, பாட்டியிடம் ஒரு பறவையைப் பற்றிக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பெயர் என்ன, குரல் எப்படி, எங்கே கண்டது, எந்த நேரம் என்று நான்கு வரி போதும். இரவில் 'டொக், டொக்' கேட்டால் அபசகுனம் என்று கல்லெறிய விடாதீர்கள். பக்கி இரவெல்லாம் பறந்து பூச்சிகளைத் தின்னும் பறவை. யாருக்கும் கெடுதல் செய்யாது. அது கூடு கட்டுவதில்லை; சருகின் மேலேயே முட்டையிடும். கண்டால் தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். கையால் தொடாதீர்கள், அதைக் கிளப்பிவிடாதீர்கள்.

நம் பள்ளியில் இப்போது அப்படியொரு நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தை அந்த மாணவன்தான் எழுதினான். தலைப்பு 'தட்டான் குருவி'. சொன்னவர் என்ற இடத்தில் பாட்டியின் பெயரை எழுதியிருக்கிறான். அடுத்த பக்கங்கள் நிறைந்துகொண்டு வருகின்றன.