மெசேஜில் எழுத்துப்பிழை: சோம்பேறித்தனமா, மரியாதைக் குறைவா?

என் போனில் "திருவள்ளூர்" என்று டைப் செய்தால் பாதி நேரம் அதுவாகவே "திருவள்ளுவர்" ஆக்கிவிடும். "திருவள்ளுவர் ஸ்டேஷன்ல நிக்கிறேன், நீ எங்கடா இருக்க?" என்று ஒருமுறை நண்பனுக்கு அனுப்பிவிட்டேன். "ஐயன் நலமா?" என்று பதில் வந்தது. சிரித்தோம், முடிந்தது.

இதே பிழையோடு துறைத் தலைவருக்கு ஒரு மெயில் போயிருந்தால்? சிரித்திருப்பாரா என்பது சந்தேகம்தான். "புரிஞ்சா போதாதா, என்ன இப்போ?" என்று கேட்கிற கூட்டம் ஒன்று நம்மிடம் உண்டு. "அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பார்க்கக்கூட நான் தகுதியில்லையா?" என்று கோபப்படுகிற கூட்டம் இன்னொன்று. நான் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன், அதுவும் ஒரே மாதத்தில்.

போன வருடம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஃபேக்டரியில் இன்பிளான்ட் டிரெய்னிங் போனேன். திருவள்ளூரிலிருந்து மின்சார ரயிலில் பேசின் பிரிட்ஜ் வந்து, அங்கே வண்டி மாறி, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி எல்லாம் தாண்டிப் போகணும். (இரண்டும் ஒரே மாவட்டம்தான். ஆனா ரயில்ல போகணும்னா சென்னைக்குள்ள வந்து ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் போக முடியும்.) ஷிஃப்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. தமிழ்க்காரர்கள், வீட்டில் தெலுங்கு பேசுகிற உள்ளூர்க்காரர்கள், ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள் என்று எல்லோரும் அதில் உண்டு. பொதுவாக இருக்கட்டும் என்று குரூப்பில் இங்கிலீஷ் மட்டும் என்பது விதி.

அதில் ஐம்பதைத் தாண்டிய ஒரு ஆபரேட்டர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணா. ஒருநாள் காலையில் "பம்ப் சீல் லீக்" என்று போட்டார். லீக் என்பதில் 'இ, ஏ' வர வேண்டிய இடத்தில் இரண்டு 'இ' போட்டிருந்தார். அப்படி எழுதினால் இங்கிலீஷில் அது வெங்காயத்தாள் மாதிரி ஒரு காய். எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படித்த எனக்குக் கை சும்மா இருக்குமா? ஒரு நட்சத்திரக் குறி போட்டு, சரியான ஸ்பெல்லிங் எழுதி, கூடவே அந்தக் காயின் படத்தையும் ஒட்டினேன். சிரிப்பு எமோஜிகள் வரிசையாக விழுந்தன. அண்ணா ஒரு கட்டைவிரல் போட்டார்.

அதற்குப் பிறகு நான் இருந்தவரை அந்தக் குரூப்பில் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. பேரிங் சத்தம் கேட்டாலும் சரி, மோட்டார் சூடானாலும் சரி, போன் செய்வார், இல்லையென்றால் நேரில் நடந்து வருவார்.

இரண்டு வாரம் கழித்து என் முறை வந்தது. நைட் ஷிஃப்ட். பைபாஸ் வால்வை மூடலாம் என்று அண்ணாவுக்குச் சொல்லிடு என்றார் எஞ்சினியர் சார். நான் வழக்கம்போல் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்பினேன். 'மூடலாம்' என்பதில் கடைசி 'எம்' விழுந்துவிட்டது. அப்போது என்ன ஆகும் என்று நீங்களே வாயால் சொல்லிப் பாருங்கள். "வால்வ் மூடல." அதாவது மூடவில்லை. எந்த வால்வை யார் மூடாமல் விட்டார்கள் என்று ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை லைன் லைனாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தார். "தம்பி, மூடலாமா, மூடலையா?" அவ்வளவுதான் கேட்டார்.

இப்போது இரண்டு பிழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவருடையது அகராதிப்படி பிழை. ஆனால் பம்ப் சீலில் காய் முளைத்திருக்கிறது என்று அந்தக் குரூப்பில் யாரும் நினைக்கவில்லை. ஒருத்தருக்கும் ஒரு நொடி வீணாகவில்லை. என்னுடையதை யாரும் பிழை என்றே சொல்ல மாட்டார்கள், ஒரே ஒரு எழுத்து, அதுவும் எந்த விதியும் இல்லாத டங்கிலீஷ். ஆனால் ஒரு மனிதரை நடு இரவில் நடக்க வைத்தது. மரியாதைக் குறைவு என்று ஒன்று இருந்தால் அது என் பக்கம்தான். படிக்கிறவர் தலையில் எவ்வளவு வேலையைத் தள்ளிவிடுகிறோம் என்பதுதான் என் கணக்கு. ஒற்று மிகுமா மிகாதா என்பது அதற்குப் பிறகு.

இந்தக் கணக்கு புதிதில்லை. 1980இல் டிசிபி நெறிமுறையை எழுதியபோது ஜான் போஸ்டல் ஒரு கொள்கையைச் சேர்த்தார். அனுப்பும்போது கறாராக இரு, வாங்கும்போது தாராளமாக இரு என்பது அதன் சாரம். எதிர்முனையிலிருந்து வரும் பாக்கெட் கொஞ்சம் கோணலாக இருந்தாலும், என்ன சொல்ல வருகிறது என்று புரிந்தால் வாங்கிக்கொள்; நீ அனுப்புவது மட்டும் விதிப்படி இருக்கட்டும். நான் மெக்கானிக்கல், இதைச் சொன்னது என் சிஎஸ்இ நண்பன். அவனே இன்னொன்றையும் சொன்னான். எதை அனுப்பினாலும் வாங்கிக்கொண்டே இருந்தால் அனுப்புகிறவன் திருந்தவே மாட்டான், தப்பே வழக்கமாகிவிடும் என்று பின்னால் வந்தவர்கள் இந்தக் கொள்கையைக் குறை சொல்லியிருக்கிறார்கள். மெஷினுக்கு அது நியாயம். மனுஷனுக்கு எனக்கு முதல் பாதியே போதும் என்று படுகிறது. நான் செய்தது அதை அப்படியே தலைகீழாக: வாங்கும்போது கறார், அனுப்பும்போது தாராளம்.

இணைய மரியாதைக்கென்றே 1995இல் ஒரு ஆவணம் வந்தது. ஆர்எஃப்சி 1855. இன்டெலில் இருந்த சாலி ஹாம்பிரிட்ஜ் எழுதியது. எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்தால் கத்துகிற மாதிரி இருக்கும் என்று அதில் உண்டு. தமிழில் பெரிய எழுத்தே கிடையாது என்பதால் அந்த வகையில் நாம் தப்பித்தோம். "டேய்ய்ய்ய்" என்று இழுத்துத்தான் கத்த வேண்டும்.

ஆனால் இங்கிலீஷுக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு இருக்கிறது. இங்கிலீஷில் வினைச்சொல்லில் மரியாதை கிடையாது. சின்னப் பையனுக்கும் பிரின்சிபாலுக்கும் ஒரே 'யூ', ஒரே 'சென்ட்'. மரியாதை வேண்டுமென்றால் 'ப்ளீஸ்', 'சார்' என்று வெளியிலிருந்து ஒட்ட வேண்டும். தமிழில் மரியாதை இலக்கணத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அனுப்பு, அனுப்புங்க. வந்தான், வந்தார். அந்த 'ங்க' விழுந்தால் அது எழுத்துப்பிழை இல்லை, ஆளையே மாற்றிவிடுகிறது. நம்மில் பலர் இங்கிலீஷில் யோசித்துத் தமிழில் தட்டுகிறோம். "சார், மார்க் லிஸ்ட் அனுப்பு" என்று ஒருவன் உண்மையிலேயே புரொஃபசருக்கு அனுப்பினான் (நான் இல்லை, சத்தியமா). 'சார்' போட்டாச்சே, மரியாதை வந்தாச்சே என்று நினைத்திருக்கிறான். படித்தவருக்கு எப்படி இருந்திருக்கும்? 'ள' வர வேண்டிய இடத்தில் 'ல' போட்டு "உங்கல் மார்க் லிஸ்ட் அனுப்புங்க" என்று எழுதியிருந்தாலும் அது இதைவிட ஆயிரம் மடங்கு மரியாதை.

அதனால் ஆன்லைன் தமிழில் ஒரே ஒரு தடவை திருப்பிப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் வினைச்சொல்லின் வாலைப் பாருங்கள். அடுத்தது எதிரில் இருப்பவரின் பெயர். அதற்கு அடுத்தது எண்கள், 'இல்லை', 'வேண்டாம்' மாதிரி அர்த்தத்தைப் புரட்டிப் போடும் சொற்கள். மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது. "கே" என்று ஒற்றை எழுத்தில் பதில் போடுவது தனிப் பஞ்சாயத்து. அதில் ஸ்பெல்லிங் தப்பே இல்லை, ஆனால் வாங்கியவர்களுக்குத் தெரியும் அது எப்படிச் சுடும் என்று.

சரி, தமிழை ஏன் நாம் இங்கிலீஷ் எழுத்தில் தட்டப் பழகினோம்? பலரும் இதைத் தமிழ்ப்பற்று இல்லாமை என்கிறார்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று தோன்றுகிறது. மீதிப் பாதி சாதனக் கோளாறு. ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு இடம் 140 பைட், அதாவது 1120 பிட். இங்கிலீஷ் எழுத்து ஒன்றுக்கு 7 பிட், ஆகவே 160 எழுத்து. தமிழ் போட்டால் யூனிகோடுக்கு மாறி ஒவ்வொன்றுக்கும் 16 பிட், ஆகவே வெறும் 70. அந்த எழுபதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி இடம் பிடிக்கும். 'கும்மிடிப்பூண்டி' என்று எழுதினால் கண்ணுக்கு எட்டு எழுத்து, கணக்குக்குப் பதினாறு. ஊர் பெயரைச் சொன்னாலே கிட்டத்தட்ட கால்வாசி மெசேஜ் காலி! காசு கொடுத்து எஸ்எம்எஸ் அனுப்பிய அண்ணன், அக்கா தலைமுறை வேறென்ன செய்யும்? அந்தப் பழக்கம் வாட்ஸ்அப் வந்த பிறகும் விரலில் தங்கிவிட்டது.

தமிழ் எழுத்திலேயே தட்டினாலும் கருவி காலை வாரும். ஒலியை வைத்துத் தட்டும் கீபோர்டுகள் பலவற்றில் சின்ன 'எல்' அடித்தால் ல, ஷிஃப்ட் பிடித்துப் பெரிய 'எல்' அடித்தால் ள. ன, ண இரண்டுக்கும் இதே கதை. ஷிஃப்டை விட்டுவிட்டால் "பள்ளி" பல்லி ஆகிவிடும். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 கீபோர்டில் தமிழ் எழுத்து எதற்கும் ஷிஃப்டே தேவையில்லை, ஆனால் நம் வகுப்பில் அதைப் பழகியவர்கள் எத்தனை பேர், கை தூக்குங்கள். கையில் கிரீஸோடு வாய்ஸ் டைப்பிங்கில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது மொழியில் தட்டுத்தடுமாறி எழுதுகிற ஒடிசாக்காரர் இருக்கிறார். வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் சிரமப்படுகிற டிஸ்லெக்சியா உள்ளவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கலாம். ஒரு பிழையைப் பார்த்து அது அலட்சியமா, கருவியா, பள்ளிக்கூடமா, களைப்பா என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சரியான ஸ்பெல்லிங் என்பதும் கல்வெட்டு இல்லை. ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பெரியார் 1935இல் குடிஅரசில் பயன்படுத்தத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றது 1978இல்தான். நம் தாத்தா பாட்டி பள்ளியில் சரி என்று கற்ற 'ணை', 'றா' வடிவங்களை இன்று எழுதினால் நமக்குப் படிக்கவே வராது. ஊர்ப் பெயர்களை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று 2020இல் தமிழக அரசு 1018 ஊர்களுக்குப் பட்டியல் வெளியிட்டு, கிண்டல் தாங்க முடியாமல் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்பதில் இலக்கணம் தெரிந்தவர்களே இன்னும் இரண்டு கட்சி. யாராவது பிறந்தநாள் வாழ்த்து போட்டால் கீழே ஒருவர் வந்து "க் வராது" என்று எழுதிவிட்டுப் போவார். வாழ்த்த மாட்டார்!

பத்தாம் வகுப்புத் தமிழில் வழு, வழாநிலை, வழுவமைதி என்று ஒரு பாடம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நான் மார்க்குக்காக மனப்பாடம் செய்தது. இலக்கணப்படி தப்பாக இருப்பது வழு. தப்புதான், ஆனாலும் ஒரு காரணத்துக்காக ஏற்றுக்கொள்ளப்பட்டால் அது வழுவமைதி. பசுவைப் பார்த்து அம்மா வந்துட்டா என்று பிரியத்தோடு சொன்னால் திணை மாறுகிறது, இருந்தும் இலக்கணம் அதை ஏற்றுக்கொள்கிறது. எவ்வளவு கறாரான இலக்கணம், அதற்கே சொல்கிறவர் மனசைப் பார்க்கிற இடம் இருந்திருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் எனக்கு இல்லாமல் போனது.

அதற்காகத் திருத்தவே கூடாதா என்றால், அதுவும் இல்லை. ரெஸ்யூமேயில் பிழையோடு ஒருவன் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகிறான், பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது நட்பு இல்லை. ஆனால் அதை அவனிடம் தனியாகச் சொல்லலாம். பதினைந்து பேர் பார்க்கிற இடத்தில் திருத்தினால், திருத்தம் அவனுக்கு, கைதட்டல் நமக்கு. விவாதத்தில் பதில் சொல்லத் தெரியாதபோது எதிராளியின் ஸ்பெல்லிங்கைப் பிடிப்பது இதிலேயே கேவலமான வகை. நானும் செய்திருக்கிறேன்.

டிரெய்னிங் முடிந்து சில மாதம் கழித்துப் பொங்கலுக்கு அண்ணாவுக்கு ஒரு வாழ்த்து அனுப்பினேன். இந்த முறை தமிழ் எழுத்தில், மூன்று தடவை படித்துப் பார்த்து. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. நீளமாக, தமிழில், ள, ழ, ண எல்லாம் அதனதன் இடத்தில். குரூப்பில் இரண்டு வார்த்தை இங்கிலீஷுக்குத் திணறியவரின் தமிழ் அது. வேலை, அம்மா அப்பா உடம்பு எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசி வரியில், "தம்பி, என் பெயரில் வருவது ள. நீங்கள் ல போட்டிருக்கிறீர்கள்" என்று எழுதியிருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க அண்ணா" என்று போட்டேன். கட்டைவிரல் வந்தது.