மொட்டை மாடிக்கு வெள்ளை பெயிண்ட் ஏன்? 'கரண்ட் பில்' மட்டும் காரணம் இல்லை

வேலூர்:-

கத்திரி வெயில் நெருங்கினால் வேலூரில் மொட்டை மாடிக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கும் வேலை சூடு பிடித்து விடுகிறது. சாதாரண பேனை கழற்றிவிட்டு கரண்ட் குறைவாக இழுக்கும் பேனை மாட்டுபவர்களும் உண்டு. கையை கடிக்கும் இந்த செலவுக்கு வீட்டுக்காரர்கள் துணிவது ஏன்?

தூக்கம் போச்சு

முதல் காரணம் ராத்திரி தூக்கம். பகல் முழுக்க 100 டிகிரி வெயிலை குடிக்கும் கான்கிரீட் தளம், இருட்டிய பிறகு அந்த சூட்டை வீட்டுக்குள் இறக்கும். பேன் போட்டாலும் அனல் காற்றுதான். குழந்தைகள், வயதானவர்கள் பாடு திண்டாட்டம். வெள்ளை நிறம் வெயிலை திருப்பி அனுப்புவதால் தளம் அவ்வளவாக கொதிக்காது.

500 யூனிட் பயம்

அடுத்தது பில். 2022 செப்டம்பரில் உயர்ந்த கட்டணப்படி 2 மாதத்துக்கு 500 யூனிட் என்றால் ரூ.1,725 ஆக இருந்தது. ஒரு யூனிட் கூடி 501 ஆனாலே அப்போது ரூ.1,958 ஆனது. ஏ.சி. வாங்கிய வீடுகள் இந்த கோட்டை சுலபமாக தாண்டி விடும்.

சாதாரண பேன் சுமார் 75 வாட், புது ரக பேன் சுமார் 30 வாட். தினமும் 10 மணி நேரம் ஓடினால் 2 மாதத்தில் ஒரு பேனுக்கு 27 யூனிட் மிச்சம். 560 யூனிட் ஓடும் வீட்டில் 3 பேனை மாற்றினால் 479 யூனிட். அதே கட்டணக் கணக்கில் ரூ.831 குறையும்.

எப்போது கை வைக்கிறார்கள்?

வெக்கைக்காக மட்டும் கொத்தனாரை கூப்பிடுபவர்கள் குறைவு. தளம் ஒழுகும்போது, வீட்டில் கல்யாணம் வரும்போது 'இதையும் சேர்த்து முடிச்சிடலாம்' என்று செய்பவர்களே அதிகம். பக்கத்து வீட்டில் மாடி அறை குளுகுளுன்னு இருப்பதை பார்த்தால் தானாக ஆசை வரும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய மின்திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78 ஆயிரம் மானியம் அறிவித்ததும் பலரை யோசிக்க வைத்தது.

வாடகை வீடு?

சிக்கல் இங்கேதான். பில் கட்டுவது குடியிருப்பவர். தளம் ஓனருடையது. 'எனக்கென்ன லாபம்' என்று ஓனர் ஒதுங்குகிறார். 'நாளைக்கே காலி பண்ணச் சொன்னா?' என்று குடியிருப்பவர் தயங்குகிறார். கடைசியில் வெக்கையில் புரள்வது குடியிருப்பவர்தான்.

அப்படிப்பட்டவர்களுக்கு பேன், எல்.இ.டி. பல்புதான் வழி. காலி பண்ணும்போது கழற்றி எடுத்துப் போகலாம்.