கர்னலில் எதைத் திறந்து வைப்பது?

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்துக் கொடுத்தது. டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. ராசிபுரத்திலோ ஓமலூரிலோ அந்தப் பெட்டியைப் பிரித்த பிளஸ் டூ மாணவிக்குக் கர்னல் என்ற ஒன்று உள்ளே இருப்பதே தெரிந்திருக்கத் தேவையில்லை. அவளுக்காக ஆயிரக்கணக்கான முடிவுகளை யாரோ முன்பே எடுத்து வைத்திருந்தார்கள்.

நினைவகத்தைப் பங்கிடுவது, ஓடும் நிரல்களுக்கு முறை வைப்பது, கீபோர்டு முதல் வைஃபை வரை எல்லாவற்றோடும் பேசுவது, இவையெல்லாம் கர்னலின் வேலை. லினக்ஸ் கர்னலைக் கட்டும்போது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் உண்டு. இப்படிச் சாதனங்களோடு பேசும் டிரைவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று பதில்கள். ‘ஒய்’ என்றால் கர்னலோடு சேர்த்தே கட்டு. ‘எம்’ என்றால் தனி மாட்யூலாக வட்டில் வை, தேவைப்படும்போது ஏற்றிக்கொள். ‘என்’ என்றால் வேண்டாம்.

புதிய வசதி எதுவானாலும் முதலில் ‘என்’தான் என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாமல் வலியுறுத்தும் மரபு. நேற்றுவரை அது இல்லாமல் ஓடிய கணினி இன்றும் ஓடும், வேண்டியவர் திறந்துகொள்ளட்டும்.

ஆனால் ஊருக்கெல்லாம் கொடுக்கும் கர்னலை இப்படிக் கட்டமுடியாது. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி வெளிமாநிலம் கிளம்பும்போது, எங்கே என்ன பாறை வரும் என்று யாருக்குத் தெரியும்? ராடும் விதவிதமான பிட்டும் துணை லாரியில் ஏறிவிடும். எல்லாவற்றையும் ரிக்கிலேயே மாட்டிவிடுவதில்லை. டெபியன் பெரும்பாலான டிரைவர்களை ‘எம்’ ஆக வைப்பதும் இதனால்தான். வட்டில் கொஞ்சம் இடம் போகும், அவ்வளவே.

சிக்கல் டிரைவர்களில் இல்லை, எந்தப் பயனரும் தொடக்கூடிய வசதிகளில்தான். ‘யூசர் நேம்ஸ்பேஸ்’ என்று ஒன்று. சாதாரண நிரல் தனக்கென ஒரு தனி உலகத்தை அமைத்து, அதற்குள் நிர்வாகி அதிகாரத்தோடு நடந்துகொள்ள இது வழிசெய்கிறது. குரோமியம் போன்ற பிரவுசர்கள் நம்பமுடியாத வலைப்பக்கங்களை அடைத்துவைக்க இதைப் பயன்படுத்துகின்றன. அதே வசதி, சாதாரணப் பயனர் எட்டமுடியாதிருந்த கர்னல் பிழைகளையும் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவருகிறது. டெபியன் பல ஆண்டுகள் இதை ‘ரூட்’ எனப்படும் நிர்வாகிக்கு மட்டுமே விட்டுவைத்தது. 2021இல் வந்த 11ஆம் பதிப்பில், ஆபத்தைவிடப் பயன் அதிகம் என்று எல்லோருக்கும் திறந்துவிட்டது. இன்னொரு லினக்ஸ் தொகுப்பான உபுண்டுவோ 24.04ஆம் பதிப்பில், அனுமதி பெறாத நிரல்களுக்கு இந்த அதிகாரத்தை ஆப்ஆர்மர் என்னும் பாதுகாப்பு அமைப்பைக் கொண்டு கட்டுப்படுத்தியது.

எனக்கு டெபியனின் முடிவே சரியாகப் படுகிறது. வீட்டுக் கணினியில் அந்நியர் எழுதிய நிரல் நாள் முழுக்க ஓடுவது பிரவுசரில்தான். அந்த வாசலைப் பலப்படுத்துவதே முதல் வேலை. பலர் சேர்ந்து பயன்படுத்தும் கல்லூரி சர்வரை நிர்வகிப்பவர் இதை மூடிவைத்தால், அதிலும் நியாயம் உண்டு.

உங்கள் கணினியில் டெபியனோ உபுண்டுவோ இருந்தால், ‘பூட்’ அடைவில் ‘கான்ஃபிக்’ என்று தொடங்கும் கோப்பைத் திறந்து பாருங்கள். வெறும் எழுத்துக் கோப்புதான். எதற்கு ஒய், எதற்கு எம், எது அணைந்திருக்கிறது என்று வரிவரியாக எழுதியிருக்கும்.