உஷார்! ‘சும்மா டிரையல்’ ஃபாண்ட் அச்சுக்குப் போயிருக்கலாம்

விலைக்கு விற்கும் ஃபாண்ட் ஒன்றை எங்கிருந்தோ இறக்கி, “சும்மா போட்டுப் பார்ப்போம், கஸ்டமருக்குப் பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம்” என்று சிஸ்டத்தில் ஏற்றியிருக்கிறீர்களா? அப்படியென்றால் முடித்துக் கொடுத்த வேலைகளின் பிடிஎஃப்-களை இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள். ராயபுரம் முதல் எண்ணூர் வரை டிடிபி சென்டரும் ஃப்ளெக்ஸ் கடையும் வைத்திருக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். துறைமுகத்தைச் சுற்றியுள்ள கம்பெனிகளுக்கு வேலை செய்பவர்கள் இரண்டு முறை பாருங்கள். அவர்களுடைய பேப்பர்கள் கடல் தாண்டிப் போகின்றன.

திருவொற்றியூரில் இருபது வருடத்துக்கு மேலாக டிசைன் வேலை செய்கிறேன். சில வருடங்களுக்கு முன் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் ஒரு சின்ன கம்பெனிக்கு லோகோ, லெட்டர்பேட், வெப்சைட் மூன்றும் செய்தேன். ஆங்கிலப் பெயருக்கு நாலைந்து ஃபாண்ட் போட்டுக் காட்டினேன். அதில் ஒன்று வெளிநாட்டு நிறுவனம் விற்பது. நான் வாங்கவில்லை, யாரோ பென் டிரைவில் கொடுத்தது. ஓனர் அதன்மேல்தான் விரல் வைத்தார். “இதாம்பா, கப்பல் மாதிரி நிக்குது” என்றார். மறுநாளே விசிட்டிங் கார்டு அவசரம், அடுத்த வாரம் வெப்சைட். வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தது நினைப்போடு நின்றது. அந்த ஃபாண்ட் கோப்பையே வெப்சைட்டிலும் ஏற்றிவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அவருக்கு ஒரு மெயில் வந்தது. உங்கள் தளத்தில் எங்கள் ஃபாண்ட் ஓடுகிறது, லைசென்ஸைக் காட்டுங்கள் என்று. என்னைக் கூப்பிட்டு, “தம்பி, நம்மாண்ட ஜிஎஸ்டி கீது, ஹார்பர் பாஸ் கீது. இந்த லைசென்ஸ் எதுல வருது?” என்று கேட்டார். வெள்ளந்தியாகத்தான் கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில் ஓடிய மாதங்களுக்கும் சேர்த்துப் பணம் கட்டினோம். அந்த வேலைக்கு நான் வாங்கிய கூலியைவிட அது அதிகம். தப்பு செய்தவன் நான், மெயில் வந்ததோ அவர் பெயருக்கு. இதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஃபாண்டை நாம் ‘டிரையல்’ பார்க்கிறோம், மாட்டிக்கொள்வது நம்மை நம்பி வேலை கொடுத்தவர்.

எப்படிப் பார்ப்பது என்று கேட்கிறீர்களா? அடோபி ரீடரில் பிடிஎஃப்-ஐத் திறந்து கண்ட்ரோல் டி அழுத்துங்கள். ‘ஃபாண்ட்ஸ்’ என்று ஒரு பக்கம் இருக்கும். அந்த வேலையில் போட்ட ஒவ்வொரு ஃபாண்டின் பெயரும் அங்கே வரிசையாக நிற்கும். பெயருக்குப் பக்கத்தில் ‘எம்பெடட் சப்செட்’ என்று இருந்தால், தேவையான எழுத்துகளை மட்டும் பிடிஎஃப் தனக்குள் எடுத்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். வாட்ஸப்பில் யாருக்குத் தட்டிவிட்டாலும் இந்தப் பெயரும் கூடவே போகும்.

நம் கடைகளில் இதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். “கர்வ் பண்ணிட்டா முடிஞ்சுதுண்ணே!” கோரலில் கண்ட்ரோல் கியூ தட்டினால் எழுத்து கோடாக மாறிவிடும், ஃபாண்டின் பெயரும் போய்விடும், வாஸ்தவம்தான். பிரஸ்ஸுக்குக் கர்வ் பண்ணி அனுப்புவது நல்ல பழக்கமும்கூட. காசு கொடுத்து வாங்கிய ஃபாண்டாக இருந்தாலும் அந்தக் கோப்பைப் பிரஸ்காரர் கையில் கொடுக்கப் பல லைசென்ஸ்கள் விடாது. ஆனால் கர்வ் பண்ணியதால் வாங்காத ஃபாண்ட் வாங்கினதாக ஆகிவிடாது. பெயரை அழிக்க வேண்டும் என்று தோன்றுகிறதென்றால், என்ன செய்கிறோம் என்று நமக்கே தெரிந்திருக்கிறது.

பெரிய இடத்திலேயே இப்படி வாங்காத ஃபாண்ட் மாட்டியிருக்கிறது. 2004 வாக்கில் டிவிடி போட்டதும் படத்துக்கு முன்னால் ஒரு விளம்பரம் வரும், ஞாபகம் இருக்கிறதா? கார் திருட மாட்டீர்களே, படத்தை மட்டும் ஏன் திருடுகிறீர்கள் என்று அதட்டும் விளம்பரம். அந்தப் பிரசாரத்தின் பழைய பிடிஎஃப் ஒன்றை 2025-இல் ஆராய்ந்தவர்கள் உள்ளே ‘எக்ஸ்பேண்ட் ரஃப்’ என்ற ஃபாண்டின் பெயரைக் கண்டார்கள். ஜஸ்ட் வான் ரோசம் 1992-இல் வடிவமைத்த ‘எஃப்எஃப் கான்ஃபிடென்ஷியல்’ என்ற ஃபாண்டின் கள்ள நகல் அது. திருட்டை ஒழிக்கப் புறப்பட்டவர்களின் கோப்பிலேயே திருட்டு ஃபாண்ட் இருந்திருக்கிறது. இருபது வருடம் யார் கண்ணிலும் படவில்லை, அப்புறம் ஒரே நாளில் உலகம் முழுக்கத் தெரிந்தது. பிரான்ஸிலும் 2010-இல் ஹடோபி என்ற திருட்டு ஒழிப்பு அமைப்பு தன் லோகோவை வெளியிட்ட கையோடு மாற்ற வேண்டி வந்தது. பிரான்ஸ் டெலிகாம் நிறுவனம் தனக்கென்று செய்து வைத்திருந்த ஃபாண்டில் அந்த லோகோவை அமைத்திருந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? காசிமேட்டில் விசைப்படகுக்குப் பெயர் எழுதும் பெயிண்டர் ஓர் எழுத்தைப் பார்த்துத் தன் பிரஷ்ஷால் எழுதினால் அது வேறு கணக்கு. ஃபாண்ட் கோப்பை அதை விற்பவர்கள் மென்பொருளாகத்தான் விற்கிறார்கள், ஒப்பந்தத்திலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். நம் 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்க வழி செய்கிறது. லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிட்டு அபராதத்தோடு நிறுத்தலாம். கடை போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கும் நாம் ‘தொழிலுக்கு இல்லை’ என்று எப்படிச் சொல்ல முடியும்?

‘பர்சனல் யூஸ்’ என்று போட்ட இலவச டெமோ ஃபாண்டிலும் இதே வம்புதான். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கிற பேனர் தெருக்காரர்களுக்குச் சொந்த விஷயமாக இருக்கலாம். அதைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று காசு வாங்கி அடித்துக் கொடுக்கும் நமக்கு அது வியாபாரம்.

போலீஸ், நோட்டீஸ் எல்லாவற்றையும் விட எனக்கு அதிகம் வலிப்பது தமிழ் ஃபாண்ட் விஷயம். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் சேர்த்து 52. தமிழில் கு, கூ முதல் னு, னூ வரை உகர ஊகார வரிசைக்கு மட்டும் 36 உருவங்கள் வேண்டும். மு-வின் வால் ஒரு பக்கம், து-வின் வால் ஒரு பக்கம், கூ-வின் சுழி தனி. டி, டீ ஒட்டி நிற்க வேண்டும். கி-யில் கொக்கி உட்காரும் இடம் வேறு, னி-யில் வேறு. போல்டு வேண்டுமென்றால் அத்தனையையும் மறுபடி வரைய வேண்டும். ஒரு ஆள் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்கிற இந்த வேலையை நாம் பென் டிரைவில் முப்பது வினாடியில் காப்பி அடிக்கிறோம்.

தமிழ் டிடிபி மென்பொருள்கள் டாங்கிள் பூட்டோடு வந்த காலத்தில் பூட்டை உடைத்த சிடியைத்தான் கடைக்குக் கடை கைமாற்றினோம். நானும் வாங்கியிருக்கிறேன். திருட்டு விசிடிக்காரர்களைப் பிடிக்க 2004-இல் குண்டர் சட்டத்தையே திருத்தினார்கள். அதே சிடி குவியலில் கிடந்த ஃபாண்ட் சிடிக்காகக் கேட்க நாதியில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பார்த்த அதே எழுத்தைக் கல்யாணப் பத்திரிகையிலும் அரசியல் பேனரிலும் வருடக்கணக்காகப் பார்த்தோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன். செய்பவருக்குக் காசு வராத இடத்தில் புது எழுத்து எங்கிருந்து வரும்?

இப்போது திருடித்தான் ஆக வேண்டும் என்ற நிலைமையும் இல்லை. பிரியா ரவிச்சந்திரனின் கேடமரான், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் கவிவாணர், பவனம், ஏக் டைப் குழுவின் முக்தா மலர், பலூ தம்பி, இந்தியன் டைப் ஃபவுண்டரியின் ஹிந்த் மதுரை, கூகுளின் நோட்டோ தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. காசுக்கு அடிக்கும் வேலையிலும் போடலாம், வெப்சைட்டிலும் ஏற்றலாம். ஃபாண்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. விண்டோஸோடு வரும் லதாவையும் நிர்மலாவையும் போட்டு அச்சடிக்கலாம், ஆனால் கோப்பைப் பிய்த்தெடுத்து வெப்சைட்டில் ஏற்றக் கூடாது.

விலைக்கு விற்பதுதான் வேண்டும், ஆனால் பார்க்காமல் எப்படி வாங்குவது என்றால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பல ஃபாண்ட் நிறுவனங்களின் தளத்திலேயே நம் வாசகத்தை அடித்துப் பார்க்க இடம் வைத்திருக்கிறார்கள். சிலர் டிரையல் கோப்பும் தருகிறார்கள். மாதிரி காட்டத்தான் அது. சில எழுத்து, எண்கள் இல்லாமலும் இருக்கும், அச்சுக்கு விட்டால் போன் நம்பர் இருக்கும் இடத்தில் கட்டம் கட்டமாக வந்து மானம் போகும். எதுவுமே இல்லையென்றால் செய்தவருக்கே ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். கஸ்டமரிடம் முதல் நாளே சொல்லி, கொட்டேஷனில் ஃபாண்ட் லைசென்ஸுக்கு ஒரு வரி சேர்த்து, அவர் பெயரிலேயே வாங்கிக் கொடுங்கள். பேப்பர் விலை ஏறினால் வாய் திறந்து கேட்கிற நாம் இதைக் கேட்க ஏன் கூச்சப்பட வேண்டும்?

அந்த மெயில் வந்த வாரம் கடையில் வேலை பார்க்கும் பையன் சர்வரில் இருந்த ஃபாண்ட் ஃபோல்டரைத் திறந்து, “அண்ணே, இதுல எதெல்லாம் நாம வாங்குனது?” என்று கேட்டான். ஆயிரக்கணக்கில் இருந்தன. பழைய ஃபைல்களைப் புரட்டித் தேடியதில் மூன்றுக்குத்தான் பில் இருந்தது. திறந்த உரிமத்தில் உள்ளவற்றையும் விண்டோஸோடு வந்தவற்றையும் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியை அன்றிரவே அழித்தோம். அதற்கப்புறம் பழைய வேலைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கண்ட்ரோல் டி தட்டி, மாட்டியவற்றை நோட்டில் எழுதி, கஸ்டமர்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் ஆள் திட்டினார். இரண்டாவது ஆள், சொன்னதற்கு நன்றி, மாற்றிக் கொடு என்றார். நோட்டில் இன்னும் நாலு பெயர் பாக்கி இருக்கிறது.